முக்காடும் குண்டூசியும்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

நீ லண்டன்ல இருந்து அனுப்பின படம் போட்ட கார்டு வந்து சேர்ந்துது. பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாளாமே, சந்தோஷம். இங்க என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கு.

ஓவியர் வான் ஐக் 1434-ல வரைஞ்ச அர்னோல்ஃபினி தம்பதி படத்தைப் பாத்துட்டு, அந்தப் பொண்ணு மாசமா இருக்காளான்னு கேட்டிருந்தே. இல்லட்டி. தரையில புரளுற உடுப்பை அள்ளி வயித்துக்கு நேரா பிடிச்சிருக்கா, அவ்வளவுதான். நீ பாக்க வேண்டியது தலைத்துணியை. ஓரமெல்லாம் அடுக்கடுக்கா சுருக்கு வச்ச வெள்ளைத் துணி. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல கல்யாணமானவ முடியை மூடிக்கணும். நம்மகிட்ட தாலியும் மெட்டியும் சொல்றதை அங்க அந்தத் துணி சொல்லும். சுருக்கு கூடக்கூட, வீட்ல காசு இருக்குங்கிறதையும் சேத்துச் சொல்லும்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது, ரோகியர் வான் டெர் வெய்டன் 1460 வாக்கில வரைஞ்ச ஒருத்தி. பேர் தெரியாது, இப்ப வாஷிங்டன்ல இருக்கா. தலையில இருந்து தோள் வரைக்கும் முக்காடு, ஆனா கொசுவலை மாதிரி மெல்லிசு. நெத்தியும் கழுத்தும் அப்படியே தெரியும். மூடிக்கோன்னு ஊர் சொன்னதையும் கேட்டாச்சு, எதையும் மூடவும் இல்ல! அதே ஆளு வரைஞ்ச இன்னொரு படம் பெர்லின்ல இருக்கு. அதுல துணியைச் சேத்துக் குத்தின குண்டூசியைக்கூட விடாம வரைஞ்சிருக்கார். முப்பது வருசம் டிராயிங் டீச்சரா இருந்தவளுக்கு அந்த ஊசியைப் பாத்தா பொறாமைதான் வருது.

இங்க பாப்பாத்தி கோயில் பக்கம் போனா எனக்கு இதெல்லாம் ஞாபகம் வரும். அந்த சர்ச்சைக் கட்டின குளோரிந்தா பிராமண விதவை. 1778-ல ஜெர்மன் பாதிரி ஸ்வார்ட்ஸ் ஐயர்ட்ட ஞானஸ்நானம் வாங்கினா. கோயில் 1785-ல பிரதிஷ்டை ஆச்சு. அக்ரகாரத்துல தாலியறுத்தவளுக்கு முக்காடுன்னா தண்டனை. ஜெபம் பண்ணும்போது பொம்பளை தலையை மூடணும்னு பைபிள்ல பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை வச்சு, எங்க ஆச்சி ஞாயித்துக்கிழமை முந்தானையை இழுத்து விட்டா அது ஜெபத்துக்குரிய மரியாதை. மேலப்பாளையத்துல முஸ்லிம் அக்காமாருக்கு அது தினப்படி வழக்கம், யோசிக்கக்கூட மாட்டாங்க. குளோரிந்தாவை வரையச் சொன்னா, அந்த முக்காட்டை எந்த அர்த்தத்துல வரையிறதுன்னு நான் திண்டாடிப் போவேன்.

ஐரோப்பாக்காரனுக்கு அந்தத் திண்டாட்டம் இல்ல. காசு கொடுத்து வரையச் சொன்ன வீட்டுக்காரன் எதைக் காட்டணும்னு நினைச்சானோ அதை வரைஞ்சா போதும்.

நீ அர்னோல்ஃபினி படத்தைப் பாத்த அதே லண்டன் நேஷனல் கேலரியில ஹோல்பைன் வரைஞ்ச அணில் வச்சிருக்கிற பொண்ணு இருக்கா. வெள்ளை ரோமக் குல்லா போட்டிருப்பா. கிட்டப் போய்ப் பாத்துட்டு எழுது. உடன்குடி கருப்பட்டி கேட்டியே, உன் மருமகன் வரும்போது கொடுத்து விடுறேன்.

அன்புடன்,
எஸ்தர்