ஆண்டறிக்கை: கிளேர்மான்ட் எஸ்டேட்டும் ஊர்க்கதைகளும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். அதனால் எல்லோரும் ஆர்வம் காட்டிய ஒரே வேலைக்கு நேரே வருகிறேன்.

அக்கம்பக்கத்துப் பழைய கதைகளைத் திரட்டுவது என்று முடிவானதும், முதலில் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஈஷர் ஊரை ஒட்டிய கிளேர்மான்ட் எஸ்டேட். இன்றுள்ள மாளிகையைக் கட்டுவித்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவராக இருந்த ராபர்ட் கிளைவ் பிரபு. கட்டடக் கலைஞர் வான்ப்ரூ காலத்துப் பழைய வீட்டை இடித்துவிட்டு, வேலையை கேபபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக்கலை நிபுணரிடம் ஒப்படைத்தார். சுவர் எழும்பிய அதே ஆண்டுகளில்தான், அவர் பெரும்பணம் சேர்த்த வங்காளத்தில் பஞ்சம் என்ற செய்தியும் இங்கிலாந்துக்கு வந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? சாத்தான் ஒருநாள் வந்து கிளைவைத் தூக்கிக்கொண்டு போவான், அவன் நுழையாமல் இருக்கத்தான் பிரபு சுவரை இத்தனை தடிமனாகக் கட்டச் சொன்னார் என்று குடியானவர்கள் கிசுகிசுத்தார்களாம். இதை 1840இல் எழுதி வைத்தவர், இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய மெக்காலே. எழுபது ஆண்டு கழித்து எழுதியவர் கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பார் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் கிளைவ் மீதிருந்த கோபம் கற்பனையல்ல. 1772-73இல் நாடாளுமன்றமே அவரை விசாரித்தது. 1774 நவம்பரில் லண்டன் வீட்டில் இறந்துபோனார். கிளேர்மான்ட்டில் குடியிருந்து அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கோடையில் குடும்பங்களோடு போய் வந்தோம். மாளிகை இப்போது பள்ளிக்கூடம், உள்ளே போக முடியாது. தோட்டம் 1949 முதல், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வசம் இருக்கிறது. ஏரிக்கரையில் தோட்டக் கலைஞர் பிரிட்ஜ்மன் அமைத்த புல்படி அரங்கில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஓட, பெரியவர்கள் கீழ்ப்படியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அங்கேதான் வாலாஜாபேட்டை அக்கா வாயைத் திறந்தார்: "ஆற்காட்டுல டெல்லி கேட் இன்னும் நிக்குது. அதுக்கு மேல இருக்கிற ரூம்லதான் கிளைவ் தங்கியிருந்தாருன்னு எங்க தாத்தா காட்டுவாரு." 1751 முற்றுகையில் கிளைவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆற்காடு, பெரும்பணம் சேர்ந்தது பிறகு வங்காளத்தில். அக்கா சொன்னதை ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். என்னைக் கேட்டால், இந்த ஆண்டின் உருப்படியான சேகரிப்பு அதுதான்.

மற்றவை சுருக்கமாக: பிரிட்டிஷ் அரியணைக்கு வாரிசாக இருந்த இளவரசி சார்லட் 1817இல் கிளேர்மான்ட்டில் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. துக்கம் அனுசரிக்க நாடே கறுப்புத் துணி வாங்கியதில் கடைகளில் இருப்பு தீர்ந்துபோனதாகச் சொல்கிறார்கள். 1848இல் அரியணை இழந்து வந்த பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் இரண்டாண்டில் இங்கேயே காலமானார். வந்த வருடமே குடிதண்ணீரில் கலந்த ஈயத்தால் அவர் வீட்டார் நோயில் விழுந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஈஷரில் பிறந்து வளர்ந்த முதியவர்களைச் சந்தித்துக் கேட்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசும் இளைஞர்கள் இருவர் தேவை, பெயர் கொடுங்கள். அப்புறம், சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்