முழு நூலையும் கொடுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கும் மாணவர் பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கும், மாணவர் பதிப்புகளை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கொடுங்கோல் சமூகத்தைக் கற்பனை செய்து காட்டும் டிஸ்டோபியா நாவல்களைப் பாடத்தில் சேர்த்ததற்கு முதலில் நன்றி. பள்ளிப் பருவம் முடிவதற்குள் படித்துவிட வேண்டிய நூல்கள் அவை. ஆனால் அவற்றை நீங்கள் கொடுக்கும் விதத்தைப் பற்றி ஓர் இலக்கிய ஆசிரியராக நான் முறையிட்டே ஆக வேண்டும். சுருக்கிக் கொடுக்கிறீர்கள். கதை ஓட்டத்துக்குத் தேவையில்லை என்று நினைக்கும் பக்கங்களை எடுத்துவிடுகிறீர்கள். வினாத்தாளில் கேட்பதெல்லாம் கண்காணிப்பைப் பற்றித்தான்: சுவரில் உள்ள திரை எப்படி வேவு பார்க்கிறது, அதை இன்றைய கேமராக்களோடு ஒப்பிடுக. இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர், நாவலின் மையத்தைத் தொடாமலேயே தேறிவிடுகிறார்.

கண்காணிப்பு அந்த நாவல்களின் வாசல்தான். உள்ளே போனால் வேறொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்து நேற்றைய தினத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதனை இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் பயந்து நடப்பான். ஆனால் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருப்பான். நேற்று என்ன நடந்தது என்பதையே மாற்றிவிட்டால் திட்டுவதற்கும் அவனிடம் எதுவும் மிஞ்சாது. இன்று நடப்பது அநியாயம் என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேற்று வேண்டுமல்லவா?

ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் என்ன வேலை பார்க்கிறான் என்று உங்கள் வினாத்தாள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். அவன் ஒரு குமாஸ்தா. உண்மை அமைச்சகத்தில், ஆவணத் துறையில் மேசை வேலை. காற்றழுத்தக் குழாய் வழியாக அவன் மேசைக்குச் சிறு சீட்டுகள் வருகின்றன: இந்தத் தேதியிட்ட நாளிதழில், இன்ன செய்தியைத் திருத்துக. அவன் திருத்துகிறான். பழைய இதழ் எரிக்கப்படுகிறது. அதே தேதியில் புதிய இதழ் அச்சாகிக் கோப்பில் ஏறுகிறது. குறிப்புச் சீட்டும் சுவரிலுள்ள துளை வழியாக உலைக்குப் போய்விடுகிறது.

சாக்லேட் ரேஷன் விவகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 1984இல் சாக்லேட் அளவு குறைக்கப்படாது என்று பிப்ரவரியில் அரசு வாக்குறுதி கொடுத்திருக்கிறது. ஏப்ரலில் அதை 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப் போகிறார்கள். எனவே அந்தப் பழைய வாக்குறுதியை, 'ஏப்ரலில் குறைக்க வேண்டியிருக்கலாம்' என்ற முன்னெச்சரிக்கையாக மாற்ற வேண்டும். மாற்றுபவன் யார்? வின்ஸ்டனே. பிறகு அவன் உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது திரை அறிவிக்கிறது: சாக்லேட் அளவை வாரத்துக்கு 20 கிராமாக உயர்த்தியதற்கு மக்கள் ஊர்வலம் போய் நன்றி சொன்னார்களாம். குறைப்பு அறிவிப்பு வெளியானது முந்தைய நாள்தான். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இதை விழுங்க முடியுமா என்று அவன் திகைத்துச் சுற்றிலும் பார்க்கிறான். எல்லாரும் விழுங்கிவிட்டார்கள். நினைவு என்ற ஒன்று தன்னிடம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதா என்று அவனுக்குத் தோன்றுகிறது.

திகைப்பவனும் திருத்தியவனும் ஒரே ஆள். சுருக்கப் பதிப்புகளில் முதலில் பலியாவது இதுதான், ஏனெனில் அலுவலகக் காட்சியில் 'கதை' எதுவும் நகர்வதில்லை. வின்ஸ்டனுக்கு வாழ்க்கையில் மிகப்பெரிய இன்பமே தன் வேலைதான் என்று ஆர்வெல் அந்த இடத்தில்தான் எழுதுகிறார். காணாமல் போய்விட்ட விதர்ஸ் என்ற ஒருவரின் இடத்தை நிரப்ப, ஓகில்வி என்ற பிறக்கவே பிறக்காத வீரனைச் சில நிமிடங்களில் உருவாக்கிவிட்டு அவன் திருப்தியடைகிறான். ஆட்சியை வெறுப்பவன் அந்த ஆட்சியின் பொய்யை இவ்வளவு அழகாக ஏன் செதுக்குகிறான்? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கேமராவைப் பற்றிய கேள்விக்கு அப்படி யாரும் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

ஜூலியாவையும் வெறும் காதலியாகச் சுருக்கிவிடாதீர்கள். ஆளும் கட்சியை அவள் வெறுக்கிறாள். விதிகளை மீறுவதில் வின்ஸ்டனைவிடத் துணிச்சல்காரி. ஆனால் போர் யாரோடு நடந்துகொண்டிருந்தது, எப்போது எதிரி மாறினான் என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. எல்லாம் பொய்தானே, எந்தப் பொய் எந்த நாளில் சொல்லப்பட்டது என்பதில் என்ன இருக்கிறது என்பது அவள் வாதம். இளைஞர்கள் பலரிடம் இதே சலிப்பு இருக்கிறது. அரசுக்கு இந்தச் சலிப்பே போதும் என்பதை அவர்கள் ஜூலியாவின் மூலம் கண்டுகொள்ள வழி விடுங்கள்.

ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' இன்னும் எளிய கதை. சிறுவர் கதை என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். 1945இல் வந்த அந்தச் சிறு நூலில் நான் மிக மதிக்கும் இடம் குளோவர் என்ற பெண்குதிரை களஞ்சியச் சுவரின் முன் நிற்கும் இடம். எந்த விலங்கும் படுக்கையில் உறங்கக் கூடாது என்பது அந்தச் சுவரில் எழுதிய நான்காவது கட்டளை என்று அதற்கு நினைவு. பண்ணையை ஆளும் பன்றிகளோ படுக்கையில் உறங்குகின்றன. குளோவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. மியூரியல் என்ற ஆட்டைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறது. ஆடு படிக்கிறது: எந்த விலங்கும் விரிப்புகளோடு கூடிய படுக்கையில் உறங்கக் கூடாது. விரிப்பைப் பற்றி ஏதும் இருந்ததாகக் குளோவருக்கு நினைவில்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் இருந்திருக்க வேண்டும் என்று அது எண்ணிக்கொள்கிறது.

இங்கே நாய்கள் குரைக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. தன் நினைவுக்கும் சுவர் எழுத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, அந்த நல்ல மனம் தன்னையே சந்தேகித்தது. படிக்கத் தெரிந்த கழுதை பெஞ்சமின் அப்போது வாய் திறக்கவில்லை. கட்டளையைத் திருத்தப் போன ஸ்குவீலர் என்ற பன்றி ஏணியும் பெயிண்ட் டப்பாவுமாகச் சுவரடியில் விழுந்து கிடந்த இரவில்கூட, புரிந்துகொண்ட ஒரே விலங்கு பெஞ்சமின்தான். அன்றும் அது எதுவும் சொல்லவில்லை. எழுத்தறிவைப் பற்றி எத்தனையோ கட்டுரைத் தலைப்புகள் கொடுக்கிறீர்கள். இந்தக் கழுதையைப் பற்றி ஒன்று கொடுங்கள்.

இனி நீங்கள் செய்யும் வெட்டுக்கு நேராக வருகிறேன்.

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' 1953இல் வந்தது. புத்தகங்களை எரிப்பதையே தொழிலாகக் கொண்ட தீயணைப்பாளர்களின் கதை. அவர்களின் விதிப்புத்தகத்தில் துறையின் வரலாறு இருக்கிறது: 1790இல் தொடங்கப்பட்டது, ஆங்கிலேயச் செல்வாக்குள்ள நூல்களை எரிப்பதற்காக; முதல் தீயணைப்பாளர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். தீயணைப்பாளர்கள் முன்பு தீயை அணைத்தவர்கள் என்ற செய்தி ஒரு வதந்தியாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆனால் அவர்களின் தலைவர் பீட்டி சொல்லும் உண்மையான வரலாறு இன்னும் கசப்பானது. அரசு ஆணையில் அது தொடங்கவில்லை என்கிறார் அவர். முதலில் செவ்வியல் நூல்களை வானொலிக்காகப் பதினைந்து நிமிடங்களுக்குச் சுருக்கினார்கள். பிறகு இரண்டு நிமிடத்தில் படித்துவிடும் பத்தியாக்கினார்கள். கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரிகள். யார் மனமும் புண்படக் கூடாதென்று ஒவ்வொன்றாக நீக்கினார்கள். நெருப்பு வைக்க ஆள் வந்தபோது எரிக்கப்படுவதைப் பற்றி வருந்த ஆள் இல்லை.

அந்த நூலுக்கே இது நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்களா? 1967இல் அதன் பதிப்பகம் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு கொண்டுவந்தது. ஏறத்தாழ 75 இடங்கள் மாற்றப்பட்டன. வசைச் சொற்கள் போயின. குடிகாரன் நோயாளி ஆனான். மாற்றியிருக்கிறோம் என்று நூலில் எங்கும் குறிப்பு இல்லை. நூலாசிரியருக்கும் சொல்லவில்லை. 1973 முதல் சில ஆண்டுகள் கடைகளில் பொது வாசகருக்கும் அந்தத் திருத்திய பாடமே விற்றது. 1979இல் விஷயம் தெரியவந்து பிராட்பரி கொதித்தெழுந்த பிறகே மூலப் பாடம் திரும்பியது. இதைச் செய்தவர்கள் சர்வாதிகாரிகள் அல்லர். உங்களைப் போல மாணவர் நலனில் அக்கறை கொண்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நான் உங்கள் நோக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. உங்கள் பதிப்பின் முதல் பக்கத்தில் 'இது சுருக்கப்பட்டது' என்ற வரிகூட இல்லாததைத்தான் ஏற்க முடியவில்லை.

என் வகுப்புக்கு வந்த '1984' மாணவர் பதிப்பு ஒன்றில் கடைசிப் பின்னிணைப்பு இல்லை. நியூஸ்பீக் என்ற செயற்கை மொழியின் இலக்கணத்தை விளக்கும் பகுதி அது. வறண்ட பகுதி என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். அகராதி ஆண்டுதோறும் மெலிந்துகொண்டே போகும் மொழி அது. 'சுதந்திரம்' என்ற எண்ணம் தோன்றினாலும் அதைச் சொல்லச் சொல் இருக்காது. அதன் இறுதி வடிவம் 2050க்குள் முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டும் என்பது திட்டம். இதையெல்லாம் அந்தப் பின்னிணைப்பு இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதுகிறது. நியூஸ்பீக் இப்படி 'இருந்தது', அப்படித் திட்டமிட்டு 'இருந்தார்கள்'. அப்படியென்றால் எழுதுபவர் யார்? எந்தக் காலத்தில் அமர்ந்து எழுதுகிறார்? அந்த ஆட்சி விழுந்துவிட்டதா? நூல் பதில் சொல்வதில்லை; ஆனால் கேள்வி அங்கே இருக்கிறது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால், வின்ஸ்டன் தோற்று அழுவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. 1949இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஒரு நூல் கழகம் இந்தப் பின்னிணைப்பையும் நூலுக்குள் வரும், ஆட்சியின் எதிரி என்று சொல்லப்படும் கோல்ட்ஸ்டைனின் நூல் பகுதியையும் நீக்கச் சொன்னபோது, பெரும் வருமானம் கைநழுவும் என்று தெரிந்தும் ஆர்வெல் மறுத்தார். கழகம் முழு நூலையே ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் மறுத்த வெட்டை அவர் இறந்த பிறகு செய்ய நமக்கு என்ன உரிமை?

மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலுக்கும் இதே கதி நேரலாம் என்பதால் சொல்கிறேன். பெண்கள் படிப்பதே குற்றமான நாடு; கடைப் பலகைகளில்கூட எழுத்தை அழித்துப் படம் மட்டும் வைத்திருப்பார்கள். கதை முடிந்த பின் 'வரலாற்றுக் குறிப்புகள்' என்ற பகுதி வருகிறது: 2195இல் நடக்கும் ஒரு கருத்தரங்கு. ஆட்சி எப்போதோ ஒழிந்துவிட்டது. ஒலிநாடாக்களில் கிடைத்த, கதை சொன்ன பெண்ணின் குரலை அறிஞர்கள் ஆராய்கிறார்கள். அவர்களுடைய பெரிய ஏக்கம் என்ன தெரியுமா? அவளை வைத்திருந்த அதிகாரியின் கணினியிலிருந்து இருபது பக்கம் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது. அவள் உயிரைப் பணயம் வைத்துச் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு! ஆட்சி மாறிவிட்டாலும் யாருடைய நினைவுக்கு மதிப்பு என்ற கேள்வி மாறவில்லை. ஆராய்ச்சி மாணவர்களாகப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட உபயோகமான பாடம் எனக்குத் தெரியாது.

யோகோ ஒகாவாவின் 'தி மெமரி போலீஸ்' (ஜப்பானிய மொழியில் 1994) இதில் தனி வகை. அங்கே ஒரு தீவில் பறவைகள் மறைகின்றன, நாட்காட்டி மறைகிறது, நாவல்கள் மறைகின்றன. பொருளோடு அதைப் பற்றிய உணர்வும் மக்கள் மனத்திலிருந்து கரைகிறது. மறக்க முடியாதவர்களைத்தான் காவல்துறை தேடுகிறது. பாடத்தில் சேர்க்க இடமிருந்தால் சேருங்கள்.

இவையெல்லாம் கற்பனை, மிகைப்படுத்தல் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் சோவியத் கலைக்களஞ்சியத்தின் கதையைச் சொல்லுங்கள். 1953இல் ரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த பெரியா பதவியிழந்து சுட்டுக் கொல்லப்பட்ட பின், களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குப் புதிய பக்கங்கள் அஞ்சலில் வந்தன. பெரியா பற்றிய பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை. புதிய பக்கங்களில் பெரிங் கடல் விரிவாக இருந்தது. வின்ஸ்டனின் வேலையை வாசகரே தன் வீட்டு மேசையில் செய்ய வேண்டியிருந்தது.

அதே நாட்டில்தான் அன்னா அக்மதோவா 'ரெக்வியம்' கவிதைகளைத் தாளில் எழுதித் தோழி லிடியா சுகோவ்ஸ்கயாவிடம் நீட்டுவார். ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கலாம் என்பதால் வாய் தேநீரைப் பற்றியோ வானிலையைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். தோழி வரிகளை மனப்பாடம் செய்ததும் தாள் சாம்பல் கிண்ணத்தில் எரியும். பல ஆண்டுகள் அந்தக் கவிதைகள் சிலருடைய தலைக்குள் மட்டுமே பத்திரமாக இருந்தன. சொந்த நாட்டில் அச்சேறியது 1987இல். பிராட்பரியின் நாவல் முடிவில் காட்டுக்குள் திரியும் மனிதர்கள், ஆளுக்கொரு நூலை மனத்தில் சுமப்பவர்கள், இப்படி உண்மையிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். தங்கள் கையிலிருந்த வரிகளை அவர்கள் சுருக்கி மனப்பாடம் செய்யவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள். அடுத்த கல்வியாண்டுக்கான பட்டியலில் நூல் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை, வைக்கும் நூலை முழுமையாக வையுங்கள். ஐந்து சுருக்கங்களுக்குப் பதில் ஒரே ஒரு முழு நூல் போதும். சுருக்கியே தீர வேண்டுமென்றால், எந்தெந்த அத்தியாயத்திலிருந்து எதை எடுத்தோம் என்று முன்பக்கத்தில் பட்டியல் போடுங்கள். மின்பதிப்பில் திருத்தினால் பழைய பாடத்தையும் படிக்கக் கிடைக்கும்படி வையுங்கள். வினாத்தாளில் திரையைப் பற்றிய கேள்வியோடு குளோவரின் சந்தேகத்தையும் வின்ஸ்டனின் வேலையையும் பற்றிக் கேளுங்கள். உங்கள் '1984' பதிப்பு அச்சகத்துக்குப் போகும் முன் நியூஸ்பீக் பின்னிணைப்பை அதன் இடத்தில் திரும்பச் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே விற்ற படிகளுக்காக அதை மட்டும் தனியாக அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பினால், என் மாணவர்களுக்கு நானே ஒட்டிக் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
ஓர் இலக்கிய ஆசிரியர்