பனிக்காடு போதும், இசையைச் சொல்லுங்கள்

பிளாக் மெட்டல், டூம், பரிசோதனை இசை வெளியீடுகளுக்கு விமர்சனம் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதுவதை நம்பிக் காசு போட்டு கேசட்டும் ரெக்கார்டும் வாங்குகிற ஆள் நான். பிளாக் மெட்டலும் டூமும் ஹெவி மெட்டலின் ஓரத்துக் கிளைகள். இந்த இசை ரேடியோவில் வராது, பக்கத்துக் கடையில் கிடைக்காது. உங்களுடைய நாலு வரிதான் எங்களுக்கு வழி. அந்த நாலு வரியும் பனி, காடு, இருள், சவக்குழி என்றே இருந்தால் எதை வைத்து முடிவு செய்வது? அட்டைப் படத்தைப் பார்த்தே அவ்வளவையும் எழுதிவிடலாமே.

முதல் குறை பிளாக் மெட்டலின் ஒலிப்பதிவு பற்றியது. சத்தம் கரகரவென்று இருந்தாலே 'அசல் நார்வே பாணி' என்று மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடுகிறீர்கள். பிளாக் மெட்டலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நார்வேக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரியா பதிவு செய்தார்கள்? 1994இல் வந்த டார்க்த்ரோன் குழுவின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்', நாலே ஒலித்தடம் பதியும் எளிய 'நாலு டிராக்' கருவியில் பதிவானது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் வாசித்தது அந்தக் குழுவின் ஃபென்ரிஸ் ஒருவரே. டிரம்ஸ் மாறாமல் ஓடிக்கொண்டே இருக்க, காது தானாகக் கிட்டார் மெட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அதே காலத்தில் வெளிவந்த மேஹெம் குழுவின் 'டி மிஸ்டீரிஸ் டோம் சாத்தானாஸ்', எம்பரர் குழுவின் 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்' இரண்டும் பெர்கன் நகரின் கிரீக்ஹாலனில், பிட்டன் என்ற ஒலிப்பதிவாளரிடம் உருவானவை. அது சிம்பொனி வாசிக்கும் பெரிய அரங்கம். மேஹெமின் டிரம்ஸில் அந்த விசாலம் கேட்கும். வார்க் விகர்னஸ் தனியாளாக நடத்திய பர்சமின் 'ஃபிலோசோஃபெம்' கதையே வேறு. 1993இல் பதிவாகி 1996இல் வந்த அந்த ரெக்கார்டில், குரலுக்கு இருப்பதிலேயே மட்டமான மைக்கைக் கேட்டு, கடைசியில் ஒரு ஹெட்செட்டை வைத்துப் பாடியிருக்கிறார்.

நாலு டிராக் கருவி, பெரிய அரங்கம், மட்டமான மைக், இவை மூன்றும் மூன்று விதமான முடிவுகள். இன்று லேப்டாப்பில் சுத்தமாகப் பதிவு செய்துவிட்டு அப்புறம் இரைச்சலைத் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். தூவட்டும், தப்பில்லை. அந்த இரைச்சல் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டை, தூக்கிக் கொடுக்கிறதா, இல்லை ரிஃபே இல்லாததை மறைக்கிறதா? அதைச் சொல்லத்தானே நீங்கள்?

டூமுக்கு வந்தால், 'மெதுவாக, கனமாக இருக்கிறது' என்கிறீர்கள். மழை ஈரமாக இருக்கிறது என்பது போல. ஃபின்லாந்தின் ஸ்கெப்டிசிசம் குழு 1995இல் வெளியிட்ட 'ஸ்டார்ம்குரோஃபிளீட்'டை எடுங்கள். அந்தக் குழுவில் பேஸ் வாசிப்பவரே கிடையாது. ஆர்கன் ஒலியில் ஒரு கீபோர்டுதான் பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. முழுசாகக் கேட்டவருக்கு இது தப்பாது. எர்த் குழுவின் 'எர்த் 2' (1993) மூன்றே பாட்டு, 70 நிமிடத்துக்கு மேல். தள்ளித் தள்ளிக் கேட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் தெரியும். நேரமில்லை என்றால் எழுதாமல் விட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. மேஹெமின் அந்த ரெக்கார்டில் கிட்டார் வாசித்த யூரோனிமஸை 1993 ஆகஸ்டில் கொன்றவர், அதே ரெக்கார்டில் பேஸ் வாசித்த வார்க் விகர்னஸ். தேவாலயங்களை எரித்த குற்றமும் சேர்ந்து அவருக்கு 21 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. இதை நீங்கள் மறைப்பதில்லை. சாகசக் கதையாக்கிவிடுகிறீர்கள், அதுதான் எரிச்சல். ஆனால் இன்றைய ஒரு சின்னக் குழு இனவெறி வரிகளைப் பாடும்போது மட்டும் 'நமக்கு இசைதான் முக்கியம்' என்று தாண்டிப் போகிறீர்கள். என் நிறத்துக்காரனை மனிதனாகவே மதிக்காதவர்களுக்கு நான் காசு அனுப்ப வேண்டுமா? கேட்பதும் விடுவதும் என் பாடு. தகவலை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

ரெக்கார்டைக் குழுவே இலவசமாக அனுப்பியதா, நண்பர்களுடைய குழுவா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எல்லோருக்கும் பத்துக்கு எட்டரை, ஒன்பது என்றே போகிறது. பத்துக்கு மூன்று என்று உங்களிடம் பார்த்து ரொம்ப நாளாகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன் ஒருவன்