மெட்ராஸில் கப்பல் ஏறியவர்கள் பணக்காரர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சொகுசுக் கப்பல் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, சந்தேகமில்லை. ஆனால் ஒரு காலத்தில் பணக்காரர்கள் மட்டுமே போன கப்பல் பயணம் இன்று நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டிவிட்டது என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அமெரிக்காவுக்கு அது பொருந்தலாம். மெட்ராஸ் ஹார்பருக்கு அப்படியே தலைகீழ். நான் ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே காசு இருந்தவர் மீனம்பாக்கம் போய் விமானம் ஏறினார், இல்லாதவர்தான் கப்பலுக்கு வந்தார்.

ரஜுலா என்ற பெயரை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? 1926-ல் கட்டிய கப்பல். மெட்ராஸில் கிளம்பி நாகப்பட்டினம் போய், அங்கே படகில் வந்து ஏறுபவர்களையும் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, கிள்ளான் பக்கத்துத் துறைமுகம், சிங்கப்பூர் என்று போகும். கொள்ளளவு சுமார் 8,500 டன்தான். அதில் தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் கேபின் கிடையாது, பாயை விரித்து டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான். ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள், கடைகளில் வேலைக்குப் போன பையன்கள், கல்யாணமாகி முதல் முறையாகப் புருஷன் வீட்டுக்குப் போன பெண்கள் என எல்லோரும் அப்படித்தான் போனார்கள். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வாந்தி, வெயில், மழை, கக்கூசுக்கு வரிசை எல்லாம் இருந்தது. போய்வந்த பெரியவர்கள் யாரும் அந்த ஒரு வாரத்தை ஆசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 1973-ல் ரஜுலாவின் ஓட்டம் முடிந்தது. அப்புறம் சிதம்பரம் என்ற கப்பல் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1966-ல் கட்டி பாஸ்டர் என்ற பெயரில் ஓட்டிய கப்பல், அதை வாங்கி நம் பாதையில் விட்டார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின, அதோடு சிங்கப்பூர் பாதையும் போயிற்று. இன்றுவரை திரும்பி வரவில்லை.

உங்கள் கட்டுரை சொல்லும் கதை வேறு. அது அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்தில் தொடங்குகிறது. 1958-ல் அட்லாண்டிக்கின் மேல் ஜெட் விமானம் பறக்க ஆரம்பித்ததும், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆள் ஏற்றிய பெரிய கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போனது. போக்கிடமில்லாத கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊர்சுற்றக் காட்டிக் காசு பார்க்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். 1966-ல் சன்வார்ட் என்ற கப்பல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகள் பக்கம் ஓடத் தொடங்கியது. 1972-ல் கார்னிவல் கம்பெனி பழைய கப்பல் ஒன்றை வாங்கி மார்டி கிரா என்று பெயர் வைத்து விட்டபோது, முதல் பயணத்திலேயே மயாமி வாசலில் மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டது. அந்தக் கம்பெனிதான் இன்று உலகத்திலேயே பெரிய க்ரூஸ் (சொகுசுக் கப்பல் சுற்றுலா) கம்பெனி! கூட்டம் சேரச் சேர இடம் போதவில்லை. சாங் ஆஃப் நார்வே என்ற கப்பலை 1978-ல் நடுவில் இரண்டாக வெட்டி, புதுத் துண்டு ஒன்றை இடையில் வைத்துப் பற்றவைத்து நீளமாக்கினார்கள் என்றால் பாருங்கள்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாமே அளவுதான். டைட்டானிக் சுமார் 46,000 டன். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற சொகுசுக் கப்பல் சுமார் 2,48,000 டன், இருபது அடுக்கு, நெருக்கிப் போட்டால் 7,600 பயணிகள். (இந்த டன் எடைக் கணக்கு இல்லை, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் கணக்கு. பத்திரிகைகளில் அடிக்கடி எடை என்றே போடுகிறார்கள்.) ரஜுலா ஐயாயிரம் பேரை ஏற்றிய இடத்தைப் போல முப்பது மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஆள் மட்டும் ஒன்றரை மடங்கு. மீதி இடத்தில் நீச்சல் குளம், சறுக்கு, தியேட்டர், கடைகள். முன்பு துறைமுகம் வந்தால் கீழே இறங்கத் துடிப்பார்கள், இப்போது கப்பல்தான் ஊரே. இறங்குகிற இடங்களில் சிலவற்றையும் கம்பெனியே கைக்குள் வைத்திருக்கிறது. பஹாமாஸில் இந்தக் கம்பெனிகளுக்கென்றே தனித் தீவுகள் உண்டு, கரையில் குடிக்கிற இளநீர் காசும் வெளியே போகாது.

பணம் எங்கே வருகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை, அதுதான் எனக்குக் குறை. டிக்கெட் விலை மலிந்திருப்பது உண்மை, கப்பல் பெரிதாகப் பெரிதாக ஒரு படுக்கைக்கு ஆகும் செலவு குறைகிறது. ஆனால் டிக்கெட் என்பது உள்ளே வர வைக்கும் விலை. மது, வைஃபை, நல்ல ஹோட்டலில் இரவுச் சாப்பாடு, கரையில் சுற்றிக்காட்டும் பஸ், சூதாட்ட மேசை என்று உள்ளே போனபின் கழற்றுவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. டிப்ஸ்கூடத் தலைக்கு இத்தனை என்று தினமும் தானாகவே கணக்கில் ஏறும் கம்பெனிகள் பல. என் அக்கா பையன் ஒரு வெளிநாட்டுக் கப்பலில் சாப்பாட்டு மேசை பரிமாறும் வேலையில் இருக்கிறான், மாதக்கணக்கில் ஒரு நாள்கூட லீவு கிடையாது. சம்பளத்தைவிட டிப்ஸை நம்பித்தான் வீட்டுக் கடனைக் கட்டுகிறான். கப்பல் பறக்கவிடும் கொடி பஹாமாஸ் கொடி. எதற்கு என்று கேட்டேன், வரியும் தொழிலாளர் சட்டமும் லேசாக இருக்குமாம் மாமா என்றான்.

இன்னொன்று. கப்பலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இருந்ததை ஒழித்துவிட்டோம், எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்று 70, 80-களில் க்ரூஸ் கம்பெனிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. இப்போது சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டது. அதிகப் பணம் கட்டினால் தனி நீச்சல் குளம், தனிச் சாப்பாட்டு அறை, நுழையத் தனி அட்டை. ஜன்னலே இல்லாத உள் கேபின்காரருக்கு அந்தக் கதவு திறக்காது.

சென்னைக்கு வருவோம். 2022 ஜூனில் இங்கிருந்து கோர்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியபோது முதலமைச்சரே கொடியசைத்து அனுப்பினார். அந்தக் கப்பல் 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் இறங்கியது, மயாமியிலிருந்து மூன்று நான்கு நாள் குட்டிப் பயணம் போவதற்கென்றே வடிவமைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் முப்பது வருஷம் ஓட்டி முடித்ததில் நாம் ஏறுகிறோம், புதுசு வேண்டுமென்பவர்கள் சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கே ஏறுகிறார்கள். பழசு என்பதால் மட்டம் என்று சொல்ல வரவில்லை. என் வருத்தம் வேறு. அதில் இரண்டு நாள் பயணம் என்பது கடலுக்குள் போய்விட்டு அதே ஹார்பருக்குத் திரும்பி வருவது, எந்த ஊரும் கிடையாது. புதுச்சேரியில் நிற்கும் என்றார்கள், சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி அப்போது ஆளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. 2023-ல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை போனதைத்தான் நான் உண்மையான பயணம் என்பேன். காங்கேசன்துறையில் போய் இறங்குவது நம் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவா வேண்டும்?

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வரி வந்திருக்கலாம். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றைக்கு ஏறியவர்களில் பலருக்கு உயிர்ப்படகு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடக்க வேண்டும் என்று விதி வந்தது. இப்போது பல கப்பல்களில் அதைப் போனில் வீடியோவாகப் பார்த்துவிட்டுக் கூடுமிடத்தில் தலையைக் காட்டினால் போதும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த வீடியோ புரியுமா? தமிழில் இருக்குமா? 2020-ல் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவில் 3,711 பேருடன் அடைபட்டு நின்றதும், எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா வந்ததும், உள்ளே இருந்த இந்தியப் பணியாளர்கள் காப்பாற்றுங்கள் என்று வீடியோ போட்டதும் அதற்குள் மறந்துவிட்டதா?

ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். கப்பல் சுற்றுலா விளம்பரமோ கட்டுரையோ போடும்போது டிக்கெட்டோடு துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று போடுங்கள். அப்புறம், அதே சென்னை ஹார்பரிலிருந்து அந்தமானுக்கு இன்றும் பயணிகள் கப்பல் போகிறது, கிட்டத்தட்ட மூன்று நாள், பங்க் வகுப்பில் (அடுக்குப் படுக்கை) படுத்துக்கொண்டு சாதாரண மக்கள் போகிறார்கள். அதைப் பற்றி உங்கள் இணைப்பில் ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தத் தேதியில் கிளம்பும், டிக்கெட் எப்போது கொடுப்பார்கள் என்பது கடைசி வரை தெரியாமல் ஜனங்கள் அலைகிறார்கள், நிருபரை அனுப்பினால் அந்த வரிசையில் நிற்பவர்களே எல்லாவற்றையும் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ராயபுரம் வாசகர்,
சென்னை