சாமி விளையாட்டும் விளையாட்டுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் வகுப்புகளில் விளையாட்டுவழிக் கல்வி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். களிமண், மணி கோப்பது, கடை விளையாட்டு எல்லாம் எழுதியிருந்தீர்கள். மதச் சபைகள் நடத்தும் பள்ளிகளில் இது எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்பதை மட்டும் தொடவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் பேத்தி இங்கே கடலூரில் கன்னியர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். இந்த ஆண்டு அங்கே நாலு கோடு நோட்டைக் குறைத்துவிட்டு, வகுப்பின் ஒரு மூலையில் பாய் விரித்து, மரச் சொப்பு, பழைய சேலை, தட்டு, டம்ளர் எல்லாம் வைத்தார்கள். "ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொப்பு விளையாட விடுகிறார்கள்" என்று பெற்றோர் சிலர் முணுமுணுத்தபோது சிஸ்டர் பக்கம் நின்று பேசியவள் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து அந்த மூலையில் கோயில் கட்டியிருக்கிறார்கள். சேலைதான் திரை. என் பேத்தி டம்ளரில் ஸ்பூனால் மணி அடித்தாள். ஒரு பையன் தட்டைச் சுற்றித் தீபாராதனை காட்டினான். காட்டி முடித்ததும் அவனே பூசை வைக்கும் சாமியாராகி, எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, டிபன் டப்பாவிலிருந்த மேரி பிஸ்கட்டை உடைத்து உடைத்து, கோயில் பூசையில் கொடுக்கும் அப்பம் மாதிரி 'நன்மை' கொடுத்தான். (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) ஆசிரியை பார்த்துவிட்டார். திட்டு, அழுகை. திங்கள்கிழமை முதல் அந்த மூலைக்குப் பூட்டு. டைரியில் ஒரு வரி: 'சாமி விஷயத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பவும்.'

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தொண்ணூறுகளில் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி தண்ணீர்த் தொட்டியில் பொம்மையை முக்கி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தாள். காதைத் திருகி இழுத்து வந்தேன். பொம்மைக்குப் பெயர் கூட வைத்திருந்தாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. என்ன பெயர் என்று கேட்காமல் விட்டுவிட்டோமே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

கேலி வேறு, பாவனை வேறு. நாலைந்து வயதுப் பிள்ளை கண்டதைச் செய்து பார்க்கிறது. செய்து பார்த்தால்தான் அதற்குப் புரியும். முதலில் மணி, பிறகு ஆரத்தி, பிறகு வரிசை என்று அவர்களே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். இருந்த இரண்டு பிஸ்கட்டை எல்லாருக்கும் வருகிற மாதிரி பங்கிட்டார்கள். முறை வரும்வரை கைகட்டி நின்றார்கள். கீழே விழுந்த துணுக்கை ஒரு பெண் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். எந்த நன்னெறி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தோம்? அதே பள்ளியில் எண்களைப் புளியங்கொட்டை வைத்துக் கற்றுத்தருகிறார்கள். செபத்தை மட்டும் பொருள் தெரியாமல் ஒப்பிக்க வைக்கிறார்கள்.

இந்தப் பயம் புதிதல்ல. கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃபுரோபெல் ஒரு லுத்தரன் போதகரின் மகன். அப்படியும் 1851இல், நாத்திகம் வளர்க்கிறது என்று சொல்லி, பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த, மாண்டிசோரி கல்விமுறையைத் தொடங்கிய மாண்டிசோரி அம்மையார் கத்தோலிக்கர். பாவனை விளையாட்டை அவர் அவ்வளவாக விரும்பியவர் இல்லை, பிள்ளைகளுக்கு நிஜ வேலை கொடுக்க வேண்டும் என்பவர். ஆனால் அவர் வழியில் பார்சிலோனாவில் நடந்த பள்ளியில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஒரு சிற்றாலயம் அமைத்து, பூசை அப்பத்துக்கான கோதுமையையும் ரசத்துக்கான திராட்சையையும் பிள்ளைகளையே பயிரிட வைத்தார்கள்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. பிள்ளைத்தமிழில் முருகன் கையில் சிறுபறையும் சிறுதேரும் கொடுக்கிறோம். மீனாட்சியை அம்மானை ஆட விடுகிறோம், ஊஞ்சலில் உட்கார வைக்கிறோம். நபிகள் நாயகத்தின் மீதும் இயேசுவின் மீதும்கூடப் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். சாமி விளையாடலாம், பிள்ளை சாமி விளையாட்டு விளையாடக் கூடாதா? மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் வந்துபோன மறுநாள் பாருங்கள், எத்தனை பொடிசுகள் செங்கல்லைச் சாமியாக்கித் தோளில் தூக்கிக்கொண்டு அலைகின்றன.

சரி, பையனின் அப்பா வேறொன்று கேட்டார்: "எங்க பிள்ளை ஏன் நன்மை கொடுக்கணும்?" நியாயமான கேள்வி. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவு சொல்கிறது. ஆசிரியையே இதை ஏற்பாடு செய்து நடத்தியிருந்தால் நானும் அந்த அப்பாவோடு சேர்ந்து சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே போதித்தது யார்? வீட்டில் பார்த்ததையும் பள்ளிச் சிற்றாலயத்தில் பார்த்ததையும் பையன் தானாகவே சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். "ரெண்டு பக்கத்துப் பெற்றோரும் வந்து நிப்பாங்கம்மா" என்றார். அவர் சங்கடம் புரிகிறது. ஆனாலும் மூலையைத் திறக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஆசிரியை ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். பிள்ளை கூப்பிட்டாலொழிய உள்ளே போக வேண்டாம். பார்த்ததை அப்படியே பெற்றோர் கூட்டத்தில் சொல்லட்டும், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னும் திறக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது நாலு கோடு நோட்டுகளை அடுக்கியிருக்கிறார்களாம். பேத்தி கோயிலை எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மாற்றிக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு பாக்கெட் மேரி பிஸ்கட் ஆகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.