கால் மெஷின் கேட்டு வருபவர்களுக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அம்மாவுக்குக் கால் வீங்குது, அப்பாவுக்கு மரத்துப் போகுது, அந்தக் கரண்ட் மெஷின் ஒண்ணு கொடுங்க என்று கேட்டு வருகிறீர்கள். உடனே எடுத்துக் கொடுக்காமல் நாங்கள் இத்தனை கேள்வி கேட்பதில் சிலருக்கு வருத்தம், அதற்குத்தான் இந்த மடல்.

நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி, காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றி விடுகிறது. நாள் முழுக்க நாற்காலியிலேயே இருக்கும் பெரியவர்களுக்கு இந்த வேலை நடப்பதில்லை, அதனால்தான் சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. மெஷின் லேசான கரண்ட் கொடுத்து அந்தச் சதையைச் சுருங்க வைக்கிறது, அவ்வளவுதான். எழுந்து நடக்க முடிகிறவர்களுக்கு நடையே போதும் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

ஆனால் இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயில் அடைப்பு இருந்தால் விஷயமே வேறு. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும், பாதம் சில்லென்று இருக்கும், புண் ஆறாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது அதிகம். இந்த அடைப்பை எந்த மெஷினும் எடுக்காது. கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடும் எளிய சோதனை ஒன்று உண்டு. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து வரும் கணக்கு 0.9-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் அடைப்புதான். டாக்டரிடம் கேட்டு அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்களுக்கு நாங்கள் விற்பதே இல்லை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அந்தக் காலில் மெஷினை வைக்கவே வைக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், சர்க்கரைக்காரர்களைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலைப் பஞ்சால் தொட்டுப் பார்க்கிறோமே, அது எதற்கென்றால், தொடுவது தெரியாதவருக்குக் கரண்ட்டும் தெரியாது, தெரியவில்லையே என்று கூட்டிக்கொண்டே போவார், தோல் வெந்துவிடும்.

ஆன்லைனில் டென்ஸ் மெஷின் வாங்கி வந்து, கால் வீக்கம் குறையவில்லை என்கிறீர்கள். அது வலிக்கான மெஷின், சதையைச் சுருக்குவதற்காகச் செய்ததல்ல. வீக்கத்துக்கான கால் மெஷினில் விர்ரென்று இருந்தால் மட்டும் போதாது, கெண்டைக்கால் துடிப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது.

மெஷினிலிருந்து கரண்ட் பாயும் பேட்டை ஒட்டுவதற்கு முன் காலில் தைலமோ எண்ணெயோ இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். புண், வெடிப்பு மேல் ஒட்ட வேண்டாம். பசை காய்ந்த பேட் ஓரத்தில் தூக்கிக்கொள்ளும், ஒட்டியிருக்கும் கொஞ்ச இடத்தில் மட்டும் கரண்ட் பாய்ந்து சுரீரென்று குத்தும், அதனால் பேட்டை மட்டும் மாற்றினால் போதும், புது மெஷின் வேண்டியதில்லை.

எங்களிடம் வாங்கிய மெஷினை வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த யாராவது பயன்படுத்தினால் இன்றே நிறுத்திவிடுங்கள். கொண்டு வாருங்கள், பெட்டி பிரித்திருந்தாலும் சரி, முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் சர்ஜிக்கல் கடையிலிருந்து