வலது கையின் இரண்டு வேலைகள்

சயான் கோலிவாடா, மும்பை

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மழைக்காலத்தில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. நந்தி மலையில் வண்டியோடு நின்று நீ அனுப்பிய படத்தை அவள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டாள். அவள் உன் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் என்பதால் நான் வண்டியையும் பார்த்தேன். கிளட்ச் லீவர் பழையதாக இருக்க, பிரேக் லீவர் மட்டும் புதிதாக மின்னுகிறது. வலது கைப்பிடியின் நுனி தேய்ந்திருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று ஞாயிறாக நீ வீடியோவில் வராமல் செய்தி மட்டும் அனுப்புவதைப் பற்றியும் கேட்கவில்லை. பிரேக்கைப் பற்றியும் ஆக்சிலரேட்டரைப் பற்றியும் சில விஷயங்களை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

உன் ஆர்15 போன்ற வண்டியில் உடல் முன்னால் சாய்ந்தே இருக்கும். அந்தப் பாரத்தையெல்லாம் மணிக்கட்டில் ஊன்றி முழங்கையை விறைப்பாக வைத்திருந்தால், பிரேக்கைப் பிடிக்கும்போது உன்னை அறியாமலே ஆக்சிலரேட்டரும் முறுக்கிக்கொள்ளும், ஏனென்றால் இரண்டு வேலையையும் செய்வது ஒரே வலது கை. ஆகையால் தொடைகளால் டேங்கை இறுக்கிப் பிடித்து உடலைத் தாங்கிக்கொள், கை தளர்வாக இருக்கட்டும். கையுறை போட்டுக்கொள். படத்தில் கையுறையைக் காணவில்லை.

லீவரைத் தொட்ட அந்தக் கணத்தில் முன் டயர் இன்னும் தயாராகியிருக்காது. எடை முன்னால் சரிந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் அமுங்கி, டயர் தரையில் அழுந்திய பிறகுதான் அதற்கு முழுப் பிடிமானம் கிடைக்கிறது. அதற்கு முன்பே வெடுக்கென்று இழுத்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளப் பார்க்கும். இரண்டு விரலால் முதலில் மெதுவாகத் தொட்டு, ஃபோர்க் இறங்குவதை உணர்ந்து, பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போ. விடும்போதும் அப்படித்தான், சட்டென்று விட்டால் ஃபோர்க் துள்ளி எழுந்து வண்டியைக் குலுக்கிவிடும். மெதுவாகப் பிடி, மெதுவாக விடு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கெல்லாம், சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் உன் வண்டியிலும் அது இருக்கிறது. நேராகப் போகும்போது அது பெரிய துணைதான். வளைவில் சாய்ந்திருக்கும்போது அதை நம்பிவிடாதே.

நந்தி மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இறக்கத்தில் எடை முதலிலிருந்தே முன் டயர் மேல் இருக்கிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்குப் பதினேழு மீட்டர். பயந்து முடிப்பதற்குள் வளைவு வந்துவிடும். வேகத்தையெல்லாம் வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிடு. சாயச் சாய பிரேக்கை விட்டுக்கொண்டே வா. ஒரு டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒன்றுதான், அதில் சாய்வுக்குக் கொடுத்ததுபோக மிச்சம்தான் பிரேக்குக்கு. சாய்ந்த பிறகு ஆக்சிலரேட்டரை நூல் பிடித்ததுபோல் மெல்லத் திறந்தால் எடை பின் டயருக்கும் பகிர்ந்து வண்டி அமைதியாகும். நடு வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடினால், ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் முன் டயர் மேலேயே அத்தனை எடையும் போய் விழும்.

சொந்தச் சம்பாத்தியத்தில் வண்டி வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டுகிறாய் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாப்பா. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது உனக்கும் தெரியும்.

மைதானத்தில் நம் ஆர்எக்ஸ் 100 வண்டியில் உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது, முன் பிரேக் பக்கம் விரலே போகக்கூடாது, காலால்தான் பிடிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒருமுறை நீ தொட்டுவிட்டதற்காகக் கையில் அடித்தேன். அது தவறான பாடம். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பழகாத கை ஆபத்து வரும்போது அதைப் பிடிக்காமல் இருக்காது, வெடுக்கென்று பிடிக்கும்.

நான் ஏன் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மும்பை-புனே சாலையில் உள்ள கண்டாலா மலைப்பாதையில் டீசல் சிந்திக் கிடந்ததால்தான் விழுந்தோம் என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், தம்பிகூட அப்படித்தான் சொல்வான். அங்கே டீசல் இல்லை. 1994 ஜூலையில் லோனாவலாவிலிருந்து திரும்பிவரும்போது, அமிர்தாஞ்சன் பாலத்துக்குக் கீழே உள்ள இறக்கத்தில், வெறும் மழைத்தண்ணீர்தான் ஓடியது. வளைவுக்குள் நான் வேகமாக வந்துவிட்டேன். எதிரே லாரியைக் கண்டதும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடி, முன் பிரேக்கை முழுக்கையாலும் பிடித்தேன். முன் சக்கரம் நழுவியது. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று, பின்னால் உட்கார்ந்திருந்த உன் அம்மாவின் முழங்கால் தார்ச்சாலையில் மோதியது. எழுந்து நின்றதும் என் வாயிலிருந்து வந்த முதல் சொல் டீசல். அவள் இன்றுவரை அதை நம்புகிறாள். அந்தப் பாலத்தையும் 2020இல் இடித்துவிட்டார்கள். என் பயத்தைத்தான் உனக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன், பாப்பா. உன் கைக்கு வந்திருக்க வேண்டிய பழக்கத்தை நானே வரவிடாமல் செய்துவிட்டேன்.

வெறுமையான, காய்ந்த, நேரான இடமாகப் பார்த்து, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பத்துமுறை முன் பிரேக்கைப் பிடித்துப் பழகு. ஃபோர்க் இறங்குவது விரலுக்குத் தெரிந்த பிறகு நாற்பதுக்குப் போ. அதுவரை நந்தி மலை வேண்டாம். மெதுவாகப் பிடி, மெதுவாக விடு. கையுறை போட்டுக்கொள்.

டீசல் விஷயத்தை அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்குக் காட்டு.

அன்புடன்,
அப்பா